பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அம்பயர்

இந்த நூலின் மற்ற அத்தியாயங்களை விதிப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம். இந்த அத்தியாயத்துக்கு அது பாதிதான் கைகொடுக்கும். மீதிப் பாதி குழந்தைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது.

அமெரிக்காவில் வசந்த காலத்துச் சனிக்கிழமைகளில் ஊர்ப் பூங்காக்களில் எட்டு வயதுக்குட்பட்ட, பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகள் சாஃப்ட்பால் ஆடுவார்கள். அந்த ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பவர்களில் பலர் பெற்றோர்கள். லிட்டில் லீக் அமைப்பு 1974இல் சிறுமிகளுக்காக சாஃப்ட்பாலைத் தொடங்கியது. அதன் உலகத் தொடரில் நிற்கிற அம்பயர்கள்கூட சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். அப்படியிருக்க, உள்ளூர் லீக்கில் ஆள் போதாமல் போவதில் வியப்பில்லை. மகளை ஆட்டத்துக்குக் கூட்டிவருகிற தமிழ் அப்பா அம்மாக்களையும் லீக் நிர்வாகிகள் கேட்கிறார்கள். கேட்டால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொண்ட பிறகு ஒன்றை மனத்தில் பதியவையுங்கள். பெரியவர்களின் ஆட்டத்தை நடத்துவது பிட்சர். பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தை நடத்துவது அம்பயர். அந்த வயதுப் பிட்சர் 35 அடி தொலைவிலிருந்து 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தைக் கையைச் சுழற்றி வீசுகிறாள். பந்து எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது. நீங்கள் விதிப்புத்தகத்தின் ஸ்ட்ரைக் எல்லையை அளவுகோல் வைத்ததுபோல் பிடித்துக்கொண்டால் நான்கு பால், முதல் பேஸுக்கு நட, அடுத்தவள் வா என்றே மணிக்கணக்கு ஓடிவிடும். மட்டை வீசப்படாது. ஃபீல்டில் நிற்கும் ஒன்பது பேரும் புல்லைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் பிட்சர் அடுத்த வருடம் வரமாட்டாள்.

ஸ்ட்ரைக் எல்லை

புத்தகத்தில் இருப்பது இது: ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதன் மேல், பேட்டர் இயல்பாக நிற்கும்போது அக்குளுக்கும் முழங்காலின் மேல்விளிம்புக்கும் இடையே, பந்தின் எந்தப் பகுதி உரசிப் போனாலும் ஸ்ட்ரைக். ‘எந்தப் பகுதி’ என்பதைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. 11 அங்குலப் பந்தின் குறுக்களவு மூன்றரை அங்குலம். விளிம்பை உரசுவதையும் சேர்த்தால் புத்தகப்படியே உங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டடி அகலம் கிடைக்கிறது. முதலில் அதை முழுவதுமாகப் பயன்படுத்துங்கள்.

அதற்கு மேலும் கொஞ்சம் தாராளம் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. வெளிப்பக்கம், அதாவது பேட்டருக்கு எட்டத் தள்ளி வரும் பந்துக்கு, இன்னும் ஒரு பந்து அகலம் விடலாம். உயரத்தில் தோள் வரைக்கும், கீழே முழங்காலின் அடிப்பகுதி வரைக்கும் போகலாம். உள்பக்கம் மட்டும் கஞ்சமாக இருங்கள். குழந்தையின் வயிற்றை ஒட்டி வருகிற பந்தை ஸ்ட்ரைக் என்றால், அங்கேயே நின்று அடி வாங்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதாகிவிடும். அவளாகவே பயந்து பின்வாங்குகிற வயது அது. தரையில் பட்டு வருவதும் தலைக்கு மேல் போவதும் ஒருநாளும் ஸ்ட்ரைக் ஆகாது. ஆட்டம் எவ்வளவு இழுத்தாலும் இதில் இறங்கிவராதீர்கள். அடிக்கவே முடியாத பந்துக்கு ஒரு சிறுமியை அவுட் ஆக்கினால் அவளுக்கு ஆட்டத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

நீங்கள் வைக்கிற எல்லை எதுவானாலும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அதுவே இருக்க வேண்டும், இரண்டு அணிக்கும் அதுவே இருக்க வேண்டும். பத்து ரன் பின்தங்கிய அணியின் பிட்சர் திணறுவதைப் பார்த்தால் மனசு இளகத்தான் செய்யும். அப்போது எல்லையை அகட்டினால் எதிரணியின் சிறுமிகளைத் தண்டிக்கிறீர்கள். இளக்கம் எல்லாவற்றையும் முதல் இன்னிங்ஸிலேயே காட்டிவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் பிளேட் அருகே கோச்சுகளைச் சந்திக்கும்போதே, “எல்லை இன்றைக்குக் கொஞ்சம் பெரிது, பிள்ளைகளை மட்டை வீசச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். நல்ல கோச் அதைக் கேட்டதும் சந்தோஷப்படுவார்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுச் சிறுமியின் பந்து நேர்கோட்டில் வராது. மேலே எழும்பி வளைந்து கீழே இறங்கும். அந்த வயதுக் கேட்சருக்கு மட்டையைக் கண்டால் பயம். பேட்டருக்கு ஒட்டி உட்காராமல் நான்கைந்து அடி பின்னால் போய் உட்காருவாள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது? பேட்டரின் இடுப்பு உயரத்தில் பிளேட்டைக் கடக்கும் பந்து, கேட்சரின் கையுறையில் விழும்போது கணுக்கால் உயரத்தில் இருக்கிறது, அல்லது அவளுக்கு முன்னால் மண்ணிலேயே குத்துகிறது. கம்பி வேலிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பார்ப்பது கையுறையை. உங்கள் பார்வை இருக்க வேண்டியது பிளேட்டின் மேல். பந்து எங்கே பிடிபட்டது என்பது கேட்சரின் கதை. எங்கே கடந்தது என்பதுதான் உங்கள் வேலை. சரியான ஸ்ட்ரைக்கைச் சொல்லிவிட்டு முணுமுணுப்புக் கேட்பது இந்த ஒரு பந்துக்குத்தான். உரக்கச் சொல்லுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள்.

இதைச் சரியாகப் பார்க்க நிற்கிற இடம் முக்கியம். கேட்சருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். அவள் தோளுக்கும் பேட்டருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் நில்லுங்கள். உங்கள் கண் ஸ்ட்ரைக் எல்லையின் மேல்விளிம்பு உயரத்தில் இருக்கட்டும். குட்டைப் பிள்ளைகள் என்பதால் நன்றாகவே குனிய வேண்டியிருக்கும். இடுப்பை வளைக்காமல் கால்களை அகட்டித் தாழ்ந்தால் ஆறு இன்னிங்ஸ் தாங்கும். பந்து பிட்சரின் கையை விட்டதிலிருந்து கையுறைக்குள் போகும்வரை தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடருங்கள். போய் விழுந்த பிறகு மனத்துக்குள் ஒரு முறை அதைத் திரும்பப் பார்த்துவிட்டு அறிவியுங்கள். புது அம்பயர்களின் தவறான தீர்ப்புகளில் பெரும்பாலானவை அவசரத்தில் வாய் முந்திக்கொள்வதால் வருகின்றன.

கிரிக்கெட் கண்ணை மாற்றிக்கொள்வது

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே அனுகூலமும் உண்டு, தொந்தரவும் உண்டு. பந்தைக் கண்ணால் தொடர்வது ஏற்கெனவே பழகியிருக்கும். ஆனால் கிரிக்கெட் அம்பயர் யாராவது கேட்டால்தான் கை தூக்குவார். இங்கே கேட்க மாட்டார்கள், கேட்கத் தெரியவும் தெரியாது. ஒவ்வொரு பந்துக்கும், பேஸில் நடக்கும் ஒவ்வொரு மோதலுக்கும் நீங்களாகவே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதற்கு விதிவிலக்கு உண்டு: ரன்னர் பேஸை மிதிக்காமல் ஓடியது, கேட்ச் பிடிபடும் முன்பே பேஸை விட்டுக் கிளம்பியது, பேட்டிங் வரிசை மாறி வந்தது போன்றவை. இவற்றைக் கண்டாலும் ஃபீல்டிங் அணி முறையிடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பார்வையாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது.

ஃபவுல் இன்னொரு சிக்கல். நமக்கு முதுகுக்குப் பின்னால் அடித்தாலும் ரன். இங்கே கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல். ஹோம் பிளேட் கோட்டுக்கு உள்ளே சேர்ந்தது. பந்து அதில் பட்டதாலேயே ஃபவுல் ஆகிவிடாது. முதல் பேஸ் பல மைதானங்களில் இரட்டையாக இருக்கும், உள்ளே வெள்ளை, வெளியே ஆரஞ்சு. வெள்ளையில் பட்ட பந்து நல்லது, ஆரஞ்சில் மட்டும் பட்டது ஃபவுல். அங்கே பந்து வரும்போது ஃபீல்டர் வெள்ளையை மிதிக்க வேண்டும், ஓடி வருபவள் ஆரஞ்சை. இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முதல் இன்னிங்ஸிலேயே இதை எல்லாச் சிறுமிகளுக்கும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

ஃபவுல் என்றால் இரு கையையும் தூக்கிச் சத்தமாகச் சொல்லுங்கள். நல்ல பந்து என்றால் கையைக் காட்டினால் போதும், வாயே திறக்க வேண்டாம். சத்தம் கேட்டால் குழந்தைகள் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

ஆட்டத்துக்கு முன்

லீக்குக்கு லீக் உள்ளூர் விதி மாறும். ஒரு பாதி இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்தான் என்ற வரம்பு உண்டா? ஸ்டீல் செய்யலாமா? மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தவறவிட்டால் பேட்டர் ஓடலாமா? இன்ஃபீல்ட் ஃப்ளை விதி உண்டா? நான்கு பால் ஆனதும் கோச் வந்து வீசுவாரா? கடைசி இன்னிங்ஸ் எத்தனை மணிக்குள் தொடங்க வேண்டும்? இவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரு கோச்சுகளும் சேர்ந்து நிற்கும்போதே வாய்விட்டுப் படியுங்கள். சச்சரவுகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பிளேட் அம்பயருக்கு மாஸ்க், தொண்டைக்காப்பு, மார்புக்கவசம், கால்கவசம் நான்கும் கட்டாயம். பந்து மெதுவாகத்தானே வருகிறது என்று கால்கவசத்தைக் காரில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்சர் தடுக்கத் தவறுகிற பந்தெல்லாம் உங்கள் முழங்காலுக்குத்தான் வரும். பால், ஸ்ட்ரைக், அவுட் எண்ணும் கையடக்கக் கருவி இடது கையில். மாஸ்க்கையும் இடது கையாலேயே கழற்றுங்கள். வலது கை அவுட் காட்டுவதற்காகக் காலியாக இருக்க வேண்டும்.

ஓட்டக் குழப்பம்

எட்டு வயதில் ஒரு சாதாரண கிரவுண்டர் எப்படி முடியும் என்று பாருங்கள். பந்து பிட்சரின் காலடியில் வருகிறது. அவள் எடுத்து முதல் பேஸுக்கு எறிய, அது தலைக்கு மேல் போகிறது. துரத்திப் போனவள் இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கே யாரும் இல்லை. அதற்குள் நான்கு பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், எட்டுப் பெரியவர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதையும் பார்க்க மாட்டீர்கள். பந்தைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். ரன்னர்கள் எங்கே என்று ஓரப்பார்வை போதும். பந்து எந்தப் பேஸை நோக்கிக் கிளம்புகிறதோ அந்தப் பேஸை நன்றாகப் பார்க்கும் கோணத்துக்கு நாலு அடி வையுங்கள், நில்லுங்கள், பாருங்கள், பிறகு சொல்லுங்கள். ஓடிக்கொண்டே பார்த்தால் கண் குலுங்கும்.

பேஸை மட்டும் மிதித்தால் போதும் என்கிற அவுட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது, பதினைந்து அடி இருக்கலாம். பந்து கையுறையில் விழும் ஓசையைக் காதால் கேளுங்கள், கால் பேஸில் படுவதைக் கண்ணால் பாருங்கள். தொட்டு அவுட் செய்ய வேண்டியதற்கு நெருங்கிப் போங்கள். தொட்ட பிறகும் பந்து கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையை உயர்த்துங்கள். இந்த வயதில் பந்து நழுவி விழுவதுதான் வழக்கம். “அவுட்” என்று சொல்லி, பிறகு “சேஃப்” என்று மாற்றினால் ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளைக் கலங்கவைக்கிறீர்கள்.

எறிந்த பந்து மைதானத்தை விட்டு வெளியே போனால் புத்தகப்படி, எறிந்தவளின் கையை அது விட்ட நேரத்தில் ரன்னர் இருந்த இடத்திலிருந்து இரண்டு பேஸ். சின்னவர்களின் லீக்குகளில் ஒரே பேஸ் என்று வைத்திருப்பார்கள், எந்தப் பேஸும் இல்லை என்றும் வைத்திருப்பார்கள். அட்டையைப் பாருங்கள்.

பிட்சரைச் சுற்றி எட்டு அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். பந்தோடு அவள் அதற்குள் நின்று, யாரையும் அவுட் செய்ய முயலாதபோது, பேஸுக்கு வெளியே நிற்கும் ரன்னர் உடனே முன்னே போக வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். தயங்கி நின்றால் அவுட். பன்னிரண்டு வயதுக்கு மேல் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். எட்டு வயதுக்கு, பந்து வட்டத்துக்குள் வந்ததும் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்திவிடச் சொல்லும் லீக்குகளின் முறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

வழிமறிப்புத்தான் இந்த ஆட்டங்களில் அதிகம் நடப்பதும் அதிகம் கவனிக்கப்படாமல் போவதும். பந்து கையில் இல்லாத ஃபீல்டர் ரன்னரின் பாதையில் நிற்கக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளை பேஸ் மேலேயே ஏறி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆனால் ஓடி வருகிறவள் விழுந்தால் பல் உடையும். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டிவிட்டு ஆட்டத்தை ஓடவிடுங்கள். முடிந்ததும், மறிக்காமல் இருந்திருந்தால் எந்தப் பேஸை அடைந்திருப்பாளோ அதைக் கொடுங்கள். இன்னிங்ஸ் மாறும்போது அந்த ஃபீல்டரிடம் போய், எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கால் வைத்தே காட்டுங்கள். இதை எந்தக் கோச்சும் ஆட்சேபிக்க மாட்டார். எந்தப் பந்தை எங்கே எறிய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் உங்கள் வேலையல்ல.

பேட்டர் மேல் பந்து படுவது தினமும் நடக்கும். உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். அவளுக்கு முதல் பேஸ். தரையில் குத்தி எழும்பி வந்து பட்டாலும் அப்படித்தான். ஆனால் அவள் மட்டையை வீசும்போது விரலில் பட்டால் அது ஸ்ட்ரைக். கை மட்டையின் ஒரு பகுதி என்று யாராவது வேலிக்குப் பின்னாலிருந்து சொல்வார்கள். இல்லை, கை கைதான். இதை அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்கு விளக்க வேண்டாம். கோச் வந்து அவளைத் தேற்றி முடித்த பிறகு அவரிடம் சொல்லுங்கள்.

கேட்சருக்கு அடி பட்டால் அம்பயர்களிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. பிளேட் சுத்தமாகவே இருந்தாலும் தூரிகையை எடுத்துக்கொண்டு முன்னால் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஒவ்வொரு ஓரமாக நிதானமாகத் துடைப்பார்கள். அந்த அரை நிமிடத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொள்வாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள், யாரும் அவளைப் பார்க்க மாட்டார்கள். பெரிய கேட்சர்கள் அம்பயருக்கு அடிபட்டால் பிட்சரிடம் பேசப் போவதுபோல் போய் இதே உதவியைத் திருப்பிச் செய்வார்கள். பத்து வயதுக் கேட்சரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நீங்கள் செய்யுங்கள்.

மூன்றாவது ஸ்ட்ரைக்குக்குத் தொலைக்காட்சியில் வருவதுபோல் உடம்பை முறுக்கிக் கை வீசாதீர்கள். மற்ற ஸ்ட்ரைக்குக்குக் காட்டிய அதே சைகை, அதே குரல் போதும்.

தளர்த்தக் கூடாதவை

பிட்சரின் கால் வைப்பு, கை சேர்க்கும் நேரம் போன்றவற்றில் முதல் சில ஆட்டங்களுக்குச் சொல்லித் திருத்தினால் போதும். பாதுகாப்பில் சலுகையே கிடையாது. ஹெல்மெட் இல்லாமல் ஒரு சிறுமி டக்அவுட்டை விட்டு மட்டையோடு வந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். மட்டையைத் தூக்கி எறிகிறவளை முதல் முறையே எச்சரியுங்கள். முறை வராதவர்கள் மட்டையைச் சுழற்றிப் பார்க்கக் கூடாது. இடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே மைதானத்துக்குத் திரும்பலாம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரே ஒரு அவுட்தான் பாக்கி என்று இரண்டு கோச்சும் கெஞ்சினாலும் கேட்காதீர்கள்.

கோச்சுகளும் பெற்றோரும்

ஸ்ட்ரைக்கா பாலா, அவுட்டா சேஃப்பா என்பது உங்கள் தீர்ப்பு. அதில் வாதம் இல்லை. விதி சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று தலைமைக் கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, நடந்து வந்து, தணிந்த குரலில் கேட்கலாம். அப்படிக் கேட்டால் முழுவதும் கேளுங்கள். இன்னொரு அம்பயர் இருந்தால் அவரிடம் தனியாகப் போய்க் கலந்து பேசுங்கள். ஃபீல்டரின் கால் பேஸை விட்டு எழும்பியதை அவர் பார்த்திருக்கக்கூடும். மாற்ற வேண்டியிருந்தால் மாற்றி, இரு கோச்சுகளுக்கும் காரணம் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

பார்வையாளர்களிடம் நேராகப் பேசாதீர்கள். ஒருவர் எல்லை மீறினால் அந்த அணியின் கோச்சைக் கூப்பிட்டு அவர் மூலமாகச் சொல்லுங்கள். இது பதின்ம வயது அம்பயர்களுக்கு இன்னும் முக்கியம். பல லீக்குகளில் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் சின்னவர்களின் ஆட்டத்துக்கு நிற்கிறார்கள். சென்ற வருடம்வரை தாங்களே ஆடியவர்கள் என்பதால் ஆட்டம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகப் புரியும். நாற்பது வயது ஆள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. அப்படி ஒரு பிள்ளையோடு நீங்கள் சேர்ந்து நின்றால், கோச்சைக் கூப்பிடும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் தீர்ப்பைக் கேட்காமல் மாற்றாதீர்கள். அந்த ஆள் இரண்டாவது முறையும் கத்தினால் ஆட்டத்தை நிறுத்தி, அவர் மைதானத்தை விட்டுப் போன பிறகே தொடங்குவோம் என்று கோச்சிடம் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று அன்று இரவே லீக் நிர்வாகிக்கு எழுதி அனுப்புங்கள். எழுதியதை அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் காட்டுங்கள்.